சண்டையை மட்டும் சொல்கிறவர்களுக்கு: ஃபில் ஃபிஷ் விஷயமாக ஒரு திறந்த மடல்

கேம்களைப் பற்றி எழுதுகிறவர்களுக்கும், யூடியூபில் மைக் பிடித்துப் பேசுகிறவர்களுக்கும் வணக்கம்.

ஃபில் ஃபிஷ் கதையை நீங்கள் விடுவதாக இல்லை. கனடாவின் மாண்ட்ரியலில் உட்கார்ந்துகொண்டு ஐந்து வருடம் 'ஃபெஸ்' என்ற ஒரே வீடியோ கேமைச் செய்தவர், வாய்த்துடுக்கால் ஊரெல்லாம் பகை தேடிக்கொண்டவர், ட்விட்டரில் ஒருவரோடு மோதிய கையோடு அதன் அடுத்த பாகமான 'ஃபெஸ் 2'ஐத் தூக்கிக் கடாசியவர் என்று வருடா வருடம் யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். மெல்லுகிற வாய்க்கு நல்ல அவல்தான். ஆனால் கதையைத் தொடங்குகிற இடத்தில்தான் எனக்கு வழக்கு. ஃபிஷ் கத்தியதிலிருந்து தொடங்குகிறீர்கள். அதற்கு முன்னால் அவர் பேச மறுத்தார். சண்டை வந்ததே அதற்காகத்தான்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். 2013 மே மாதம் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற கன்சோலை, அதாவது டிவியில் இணைத்து கேம் ஆடும் பெட்டியை, அறிமுகப்படுத்தியபோது, சிறு நிறுவனங்கள் தங்கள் கேமைத் தாங்களே நேரடியாக வெளியிட முடியாது, நடுவில் ஒரு பெரிய வெளியீட்டாளர் இருக்க வேண்டும் என்ற பழைய விதி அப்படியே தொடரும் என்றார்கள். சோனி தன் ப்ளேஸ்டேஷன் 4க்கு இந்தக் கட்டாயத்தை வைக்கவில்லை. சின்னவர்கள் கொதித்துப்போனார்கள். ஜூலை கடைசி வாரத்தில் மைக்ரோசாஃப்ட் பின்வாங்கப்போகிறது என்று செய்தி கசிந்தது. அதிகாரபூர்வமாக அறிவிப்பதற்குள் நிருபர்கள் இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டார்கள்: 'ப்ரெய்ட்' செய்த ஜொனாதன் ப்ளோ, 'ஃபெஸ்' செய்த ஃபில் ஃபிஷ். என்ன நினைக்கிறீர்கள், ஒரு வரி சொல்லுங்கள் என்று கேட்டார்கள். இன்னும் உறுதியாகாத செய்திக்கு எங்களிடம் என்ன கருத்து வேண்டிக்கிடக்கிறது என்று இருவரும் ட்விட்டரில் சலித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது.

உடனே கேம்ட்ரெய்லர்ஸ் தளத்தின் வீடியோ நிகழ்ச்சி ஒன்றில் மார்க்கஸ் பியர் என்ற விமர்சகர் இருவரையும் பெயர் சொல்லித் திட்டித் தீர்த்தார். எரிச்சல்படும் கேமர் என்பதுதான் அந்த நிகழ்ச்சியில் அவருடைய வேடமே. இருவர் பெயரையும் ஒட்டி ஒரு பட்டப்பெயர் வைத்தார். இங்கே எழுத முடியாத வார்த்தைகளும் உண்டு. வாதத்தின் சாரம் இதுதான்: உங்களுக்கு விளம்பரம் வேண்டுமென்றால் எங்களிடம் வருகிறீர்கள், நாங்கள் கேட்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டீர்களா?

ஃபிஷ் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. உன் வாழ்க்கையை என் வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பார், பிறகு செத்துப் போ என்கிற பொருளில் ஒரு ட்வீட் போட்டார். அது ஒரு கார்ட்டூன் தொடரில் ரோபோ பேசுகிற வசனம். தெரிந்தவர்களுக்கு நக்கல், தெரியாதவர்களுக்குச் சாபம். எப்படிப் பார்த்தாலும் எழுதியிருக்கக் கூடாது. சற்று நேரத்தில் ஃபெஸ் 2 கிடையாது, இந்தத் தொழிலே எனக்கு வேண்டாம் என்று அறிவித்துவிட்டார். அன்று தேதி ஜூலை 27. ஜூன் மாதம்தான் அந்தக் கேமின் சின்ன முன்னோட்டம் வந்திருந்தது. தன் நிறுவனமான பாலிட்ரானின் தளத்தில் போட்ட குறிப்பில், இது ஏதோ ஒரு சம்பவத்தால் எடுத்த முடிவு இல்லை, ரொம்ப நாளாக நடந்துவருகிற ஒரு தாக்குதலின் முடிவு இது, இனியும் தாங்காது என்று எழுதினார். உங்கள் வீடியோக்களில் அந்த வரி விடுபட்டுப்போகிறது. ஒற்றைச் சம்பவம்தான் மிஞ்சுகிறது.

நீங்கள் கேள்வி கேட்கலாம், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கேட்டதற்கெல்லாம் பதில் வரவேண்டும் என்று நினைப்பதில்தான் கோளாறு. அதிலும் இந்த இருவர் நிலையை யோசித்துப் பாருங்கள். ஃபெஸ் வெளியாகி ஒரு வருடம் வரை எக்ஸ்பாக்ஸில் மட்டுமே கிடைத்த கேம். கன்சோல் நிறுவனங்களோடு போடுகிற ஒப்பந்தங்களில் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்பதற்கு விதி இருப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். மைக்ரோசாஃப்டைப் பாராட்டினால் விலைபோய்விட்டார் என்பீர்கள், திட்டினால் நன்றி கெட்டவர் என்பீர்கள், ஒன்றும் சொல்லாவிட்டால் தலைக்கனம் என்பீர்கள். மூன்றில் எதைச் செய்தாலும் உங்களுக்கு அன்றைய வீடியோ தயார்.

சரி, ஃபிஷ் ஒன்றும் பச்சைக் குழந்தை இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் அவரையே காட்டலாம். 2012 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ கேம் டெவலப்பர்ஸ் மாநாட்டில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். கேள்வி நேரத்தில் ஜப்பானிய டெவலப்பர் ஒருவர் எழுந்து, இப்போது ஜப்பானில் வருகிற கேம்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். உங்கள் கேம்கள் படுமோசம் என்று மேடையிலிருந்து ஃபிஷ் முகத்தில் அடித்தாற்போல் சொன்னார். பக்கத்தில் இருந்த ப்ளோவும் அந்தக் கருத்தோடு ஒத்துப்போனார், ஆனால் காரணத்தை விளக்கிச் சொன்னார். அதனால் ப்ளோவை விட்டுவிட்டார்கள். ஃபிஷ் பிறகு, சொன்ன விதம் முரட்டுத்தனம்தான், கருத்தில் மாற்றம் இல்லை என்றார். வேடிக்கை என்னவென்றால் ஃபெஸ் முழுக்க ஜப்பானிய கேம்களின் வாசம்தான் வீசும். மாரியோவும் ஸெல்டாவும் விளையாடி வளர்ந்தவர் செய்த கேம் என்பது முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். நேசித்த ஒன்று தேய்ந்துபோனால் வருகிற கோபமாக அது இருந்திருக்கலாம். கேட்டவருக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? நூறு பேர் நடுவில் அவமானப்பட்டது அவர்தான்.

பிசியில் ஃபெஸ் எப்போது வரும் என்று கேட்டவர்களிடமும் இதே கதைதான். இது கன்சோலுக்கான கேம், பிசிக்கானது இல்லை என்று வீம்பாகச் சொன்னார். 2013 மே 1ஆம் தேதி பிசியில் வந்தது. அந்த வருடக் கடைசிக்குள் மொத்த விற்பனை பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியதில் பிசிக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இதையெல்லாம் மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் வீடியோக்களில் இதற்குக் கொடுக்கிற நேரத்தில் பாதியையாவது கேமுக்குக் கொடுத்ததுண்டா? ஃபெஸ் என்ன மாதிரி கேம் என்று கேட்டால், '2டி-யும் 3டி-யும் கலந்த மாதிரி' என்று ஒரு வாக்கியத்தோடு நகர்ந்துவிடுகிறீர்கள்.

கொஞ்சம் நின்று பார்ப்போம். கோமெஸ் என்கிற வெள்ளைப் பொம்மை ஒரு தட்டையான கிராமத்தில் வாழ்கிறான். இடம், வலம், மேல், கீழ், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த உலகம். அவன் தலையில் ஒரு சிவப்புக் குல்லா வந்து உட்கார்ந்ததும் மூன்றாவது பரிமாணம் இருப்பது தெரிகிறது. பட்டனை அழுத்தினால் மொத்த உலகமும் தொண்ணூறு டிகிரி திரும்புகிறது. இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது எட்டவே முடியாத தூரத்தில் இருந்த திண்ணை, திரும்பியதும் காலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கண்ணுக்குப் பக்கம் என்றால் காலுக்கும் பக்கம், இதுதான் அங்கே இயற்பியல் விதி. ஆரம்பத்திலேயே கேம் திடீரென்று உடைந்து, கணினி மீண்டும் துவங்குவதுபோல் எழுத்துகள் ஓடும். மெஷினே போய்விட்டதோ என்று பதறுவோம், ஆனால் அது கதையின் பகுதி. சுவர்களில் கிறுக்கியிருக்கும் கட்டங்கள் வெறும் அலங்காரம் என்று நினைத்துப் பாதி கேமைக் கடந்தபிறகு, அது ஒரு தனி எழுத்துமுறை என்று தெரியவரும். அப்புறம் ஒரு நோட்டும் பேனாவும் இல்லாமல் ஆட முடியாது.

இந்த உலகத்தை ஓட வைத்த நிரலை எழுதியவர் பெயர் ரெனோ பெடார். சண்டைக் கதை சொல்கிற வீடியோக்களில் இந்தப் பெயர் எத்தனை முறை வருகிறது என்று நீங்களே எண்ணிப்பாருங்கள். 2007இல் கேம் அறிவிக்கப்பட்ட காலத்திலிருந்து 2012 ஏப்ரல் 13இல் வெளியாகும்வரை எஞ்சினையும், கட்டங்களை அடுக்குகிற எடிட்டரையும் கட்டியவர் அவர். வெளியானதும் டொராண்டோவில் வேறொரு நிறுவனத்துக்கு அமைதியாகப் போய்விட்டார். டிசாஸ்டர்பீஸ் என்ற பெயரில் இசையமைக்கும் ரிச் வ்ரீலண்டின் இசை இல்லாமல் அந்த மழை பெய்கிற அறைகளை நினைத்துப் பார்க்கவே முடியாது. ஃபிஷ்ஷின் கோபத்தை மட்டும் பேசினால் இந்த இருவரும் காணாமல் போய்விடுகிறார்கள்.

அந்தக் கோபக்காரர் பிம்பம் எங்கிருந்து வந்தது என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம். 2012 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் வந்த 'இண்டி கேம்: த மூவி' என்கிற ஆவணப்படம்தான் ஃபிஷ்ஷை கேம் ஆடாதவர்களுக்கும் தெரியவைத்தது. தொழிலில் கூட இருந்து பிரிந்துபோன கூட்டாளியின் கையெழுத்து கிடைக்காததால், 2011இல் பாஸ்டன் கேம் கண்காட்சியில் கேமைக் காட்டினால் வழக்கு வருமோ என்று பயந்தபடி ஸ்டாலில் நிற்கிறார். காட்சிக்கு வைத்த கேம் வேறு அடிக்கடி உறைந்துபோகிறது. ஒவ்வொரு முறையும் வரிசையில் நிற்பவர்களிடம் சமாதானம் சொல்லிவிட்டு அவரே குனிந்து மீண்டும் போட்டுவிடுகிறார். இதை முடிக்காவிட்டால் உயிரோடு இருக்கமாட்டேன் என்றும் கேமரா முன்னால் சொல்கிறார். அந்த ஒரு வரியை வைத்து எத்தனை மீம்கள்! ஒரு மனிதன் அப்படிச் சொன்னால் முதலில் வரவேண்டியது சிரிப்பா?

படம் நல்ல படம்தான். சன்டான்ஸில் அதற்கு விருதும் கிடைத்தது. எதற்கு என்றால், படத்தொகுப்புக்கு. எதை வெட்ட வேண்டும், எதை ஒட்ட வேண்டும் என்று தெரிந்தவர்கள் எடுத்த படம். பிரிந்துபோன கூட்டாளி படத்தில் கலந்துகொள்ள விரும்பவில்லை என்று கடைசியில் ஒரு வரி ஓடியது. உண்மையில் அவரிடம் யாரும் கேட்கவே இல்லை, பிறகு அந்த வரியைத் திருத்தினார்கள். ஃபிஷ் பக்கம் மட்டுமே பேசிய படம் அது என்று அந்தக் கூட்டாளிக்காகவும் நாம் பேசியிருக்க வேண்டும். யாரும் பேசவில்லை. திரைக்கு வெளியே இருந்த ஆள் என்பதால் அவரால் வியூஸ் வராது.

2012இல் வந்த பேட்ச் விவகாரத்தையும் இப்படித்தான் சுருக்கினீர்கள்: ஃபிஷ் காசு மிச்சம் பிடித்து ரசிகர்களைக் கைவிட்டார். நடந்தது என்ன? ஃபெஸ்ஸில் இருந்த கோளாறுகளைச் சரிசெய்ய ஜூனில் ஒரு பேட்ச் வந்தது. அதுவே சிலருடைய சேமித்த ஆட்டத்தைக் கெடுத்தது, உடனே எடுத்துவிட்டார்கள். அதைத் திருத்தி மறுபடி போடவேண்டும் என்றால் மைக்ரோசாஃப்டின் சான்றிதழ் சோதனைக்கு மீண்டும் அனுப்ப வேண்டும். கட்டணம் பல பத்தாயிரம் டாலர் என்றார் ஃபிஷ். பாதிக்கப்பட்டவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, மற்ற எல்லோருக்கும் அந்தப் பேட்ச் நன்மைதான் என்று கணக்குப் போட்டு ஜூலையில் அதே பேட்சை மறுபடி வெளியிட்டார். ஆட்டம் தொலைந்தவர்களுக்கு எரிச்சல் வராமல் இருக்குமா? வந்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கோபப்பட்டதில் தவறே இல்லை. எக்ஸ்பாக்ஸுக்கு மட்டும் என்று ஒப்பந்தம் போட்டதும் அவர்தான். ஆனால் கேமை விற்றவரே கேமைச் சரிசெய்யப் பணம் கட்ட வேண்டும் என்ற விதியை உலகுக்குச் சத்தமாகச் சொன்னதும் அவர்தான். அடுத்த வருடம் மைக்ரோசாஃப்ட் அந்தக் கட்டணத்தைக் கைவிட்டது தெரியவந்தது. ஃபிஷ் ஒருவரால்தான் என்று சொல்லமாட்டேன், பலரும் முணுமுணுத்த விஷயம் அது. சத்தம் போட்டவர் வாங்கிக்கட்டிக்கொண்டார், பலன் எல்லோருக்கும் கிடைத்தது.

யூடியூபர்களே, இனி உங்கள் பங்கு. 2014 ஜூனில் ஃபிஷ் உங்கள் வயிற்றிலேயே கை வைத்தார். ஒரு கேமை முதலிலிருந்து கடைசிவரை ஆடி வீடியோ போட்டு விளம்பரப் பணம் வாங்குகிறவர்கள், அதில் ஒரு பங்கைக் கேமைச் செய்தவருக்குத் தரவேண்டும் என்றார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பல சின்ன கேம்கள் பிழைத்ததே யூடியூப் வீடியோக்களால்தான், கேம் ஆடுவதைப் பார்ப்பதும் படம் பார்ப்பதும் ஒன்றல்ல. ஆனாலும் அது பேசித் தீர்க்கவேண்டிய கேள்விதான். கதையே உயிரான ஒரு மூன்று மணி நேர கேமை முழுசாகப் பார்த்துவிட்டால் யார் வாங்குவார்கள் என்று சிறு டெவலப்பர்கள் இன்றும் கேட்கிறார்கள். அன்று அந்தக் கேள்வி போன இடம் தெரியவில்லை. சொன்னது ஃபிஷ் என்பதால், ஆளைப் பார்த்தே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அவர் ட்வீட்களை நீக்கிவிட்டுக் கணக்கைப் பூட்டிக்கொண்டார்.

அந்த ஆகஸ்ட் மாதம் நடந்ததுதான் இந்தக் கதையின் மிக மோசமான பகுதி. உங்கள் வீடியோக்களில் பெரும்பாலும் கொசுறாக வந்துபோகிற பகுதியும் அதுவே. ஸோயி க்வின் என்ற டெவலப்பரின் அந்தரங்க வாழ்க்கையை இணையத்தில் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஃபிஷ் அவர் பக்கம் நின்று, தாக்கியவர்களை வழக்கமான தன் பாணியில் திட்டினார். பாலிட்ரானின் தளமும் ட்விட்டர் கணக்கும் ஹேக் செய்யப்பட்டன. நிறுவனத்தின் கோப்புகளும் அவருடைய சொந்த விவரங்களும் மூட்டையாகக் கட்டி இணையத்தில் வீசப்பட்டன. நிறுவனத்தையும் ஃபெஸ் உரிமையையும் விற்கப்போகிறேன், போதும் என்றார். திமிர் பிடித்தவருக்குக் கிடைத்த பாடம் என்று இதற்குத் தலைப்பு வைக்க முடியாது. மேடையில் ஒருவரை அவமானப்படுத்துவதும் ஒருவர் வீட்டுக்குள் புகுந்து அலமாரியைத் தெருவில் கொட்டுவதும் ஒரே தராசில் ஏறாது. அதை அடுத்தடுத்த அத்தியாயமாகச் சொல்லும்போது, முதலில் செய்ததற்குத்தான் இரண்டாவது கிடைத்தது என்ற எண்ணம் பார்க்கிறவருக்குத் தானாக வந்துவிடுகிறது.

ஃபெஸ்ஸில் கருங்கல் தூண் ஒன்று இருக்கிறது. அதைத் திறக்கிற பட்டன் வரிசைக்கான குறிப்பை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. 2012 ஏப்ரலில், கேம் வந்த சில நாட்களில், முகம் தெரியாத ஆட்கள் இணையத்தில் கூடி, சாத்தியமான வரிசைகளைப் பங்குபோட்டு ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துத் திறந்தார்கள். தனி ஆளால் ஆகாத காரியம். கேமை நேசித்தவர்கள் செய்தது அது. இதுவும் இந்தக் கதையில்தான் நடந்தது. இதற்கு ஒரு வீடியோ போட்டால் என்ன குறைந்துவிடும்?

இன்னொரு விஷயம். 2014இல் யூடியூபில் ஒருவர், ஃபிஷ் ஏன் இவ்வளவு வெறுக்கப்படுகிறார் என்பதை நிதானமாக அலசி ஒரு வீடியோ போட்டார். அவர் ஃபிஷ்ஷுக்கு வக்காலத்து வாங்கவில்லை. புகழ் என்பது நாம் ஒருவர் தலையில் ஏற்றுகிற சுமை, அவர் கேட்டாரா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் அவர் பேச்சு. அதைப் பார்த்தவர்களில் மைன்கிராஃப்ட் செய்த மார்கஸ் பெர்ஸனும் ஒருவர். அந்த செப்டம்பரில் அவருடைய நிறுவனமான மோஜாங்கை மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலருக்கு வாங்கியபோது, தான் விலகுவதற்கான காரணங்களைச் சொல்லி அவர் எழுதிய குறிப்பில் அந்த வீடியோவைக் குறிப்பிட்டார். ரசிகர்களோடு இருப்பதாக நினைத்திருந்த உறவு தனக்கு இல்லை, தான் ஒரு சின்னமாகிவிட்டேன் என்று உணர்ந்தாராம். ஆக, உங்கள் கையில் இருக்கிற கருவியால் இப்படியும் ஒன்று செய்ய முடிகிறது. வம்பு இல்லாமல், அந்த வீடியோவுக்கும் கூட்டம் வந்தது.

ஃபிஷ் அதற்குப் பிறகு வேலையே செய்யவில்லை என்று சொல்வதும் சரியில்லை. 2016இல் வந்த 'சூப்பர்ஹைப்பர்கியூப்' என்ற விஆர் (மெய்நிகர்) கேமில் அவருக்குப் பங்கு உண்டு. ஃபெஸ் 2017இல் ஐபோனுக்கும் 2021இல் ஸ்விட்சுக்கும் வந்தது. சண்டை இல்லாததால் உங்கள் கண்ணில் படவில்லை போல.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு டெவலப்பரிடம் கருத்துக் கேட்டு அவர் தரவில்லை என்றால், 'கேட்டோம், சொல்ல விரும்பவில்லை' என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போங்கள். தனியாகவோ, இரண்டு மூன்று பேராகவோ கேம் செய்கிறவர்களுக்குப் பதில் சொல்ல மக்கள் தொடர்பு அதிகாரி கிடையாது. நிரல் எழுதுகிறவர்தான் ராத்திரி உங்கள் கேள்வியையும் பார்க்கிறார், வசையையும் பார்க்கிறார். திருடிக் கொட்டிய கோப்புகளை, எவ்வளவு சுவையாக இருந்தாலும், திறக்காதீர்கள். அடுத்த முறை ஃபில் ஃபிஷ் கதையைச் சொல்லும்போது பெடார் பெயரைச் சரியாக உச்சரியுங்கள், அந்தக் கூட்டாளியிடம் யாரும் கேட்கவில்லை என்பதையும் சொல்லுங்கள்.

இதையெல்லாம் எடுத்துவிட்டால் வீடியோ பத்து நிமிடம் வராது என்று கவலைப்படாதீர்கள். மிச்ச நேரத்துக்கு ஃபெஸ்ஸை ஆடிக் காட்டுங்கள். அதற்கும் ஃபிஷ் காசு கேட்டார் என்று தலைப்பு வைக்காமல் இருந்தால் சரி.

இப்படிக்கு,
கேமும் ஆடிவிட்டு, உங்கள் வீடியோவும் பார்க்கிற ஒருவன்